நாரிநோவுக்கு யாரிடம் உருவுவிப்பது?

2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் திரும்பக் கிடைத்ததும் பற்றை வெட்டி, வேலிக்கட்டை சுமந்து, கிணறு துப்புரவாக்கும் வேலை தொடங்கிற்று. கூடவே நாரிநோவும் தோள்பிடிப்பும் வந்தன. முன்பு எந்தப் பரியாரியாரின் கை நல்லது என்று ஊரே சொல்லும். சிதறிப்போன ஊரில் அதைக் கேட்டறிவது எளிதல்ல. ஆகவே நாமே ஆராய்ந்து தெரிவு செய்யவேண்டும்.

உருவுதலைச் சித்த மருத்துவம் 'தொக்கணம்' என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக அது ஒன்பது வகைப்படும். எந்த நோவுக்கு எது பொருந்தும் என்று அறிந்தவரே தகுந்தவர்.

கவனிக்கவேண்டியவை:

1. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டப்படி சித்த, பரம்பரை வைத்தியர்களும் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெறலாம். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

2. நல்ல வைத்தியர் தொடுமுன் விசாரிப்பார்: எப்போது விழுந்தீர்கள், காய்ச்சல் உண்டா, உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா, கர்ப்பமா, நீரிழிவு உண்டா? ஒன்றும் கேளாது எண்ணெயை ஊற்றுபவரிடம் செல்லவேண்டாம்.

3. நோகிறது என்றால் கையை எடுக்கவேண்டும். "நொந்தால்தான் சுகம் வரும்" என்று பலமாக அமுக்குவது தவறு.

4. எண்ணெயில் என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நாள், என்ன செலவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எல்லா நோயும் தீரும் என்பவரை நம்பி நகையை அடகு வைக்கவேண்டாம்.

5. பெண்களும் பிள்ளைகளும் துணையோடு செல்லட்டும். துணையை வெளியே நிற்கச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

உருவவே கூடாத வேளைகளும் உண்டு. எலும்பு முறிந்ததென ஐயம், திறந்த புண், காய்ச்சலோடு நோவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாயிருத்தல் ஆகியவற்றில் உருவினால் கேடு விளையும். கெண்டைக்காலில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அது பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். நாரிநோவுடன் கால் விறைத்து, சிறுநீர் கழிக்க முடியாமற் போனால் ஒரு நாளும் தாமதியாது மூதூர் ஆதார வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சாதாரணப் பிடிப்புக்கு முதலில் வீட்டிலேயே நொச்சியிலை ஒத்தடம் கொடுத்து, இரண்டொரு நாள் பாரம் தூக்காதிருந்து பாருங்கள். பாரம் தூக்கும்போது நாரியை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். மண்ணைத் திருத்தும் உடம்பையும் பேணுவது நமது கடமையே.