உறை ஒன்று, வாள் வேறு

மாணவர்களே, 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது அதன் படையினர் துப்பாக்கிகளோடு தங்கள் வாள்களையும் ஒப்படைத்தனர். அவற்றுள் ஏராளமானவை அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பலவற்றை வென்ற நாட்டுச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அத்தகைய வாள்களைத் தேடிச் சேகரிப்போர் இன்றும் உண்டு. ஒரு வாள் கைக்கு வந்ததும் அவர்கள் முன் நிற்கும் கேள்வி இதுதான்: இது போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த வாளா? அல்லது சில நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கொல்லர் அடித்த வாளா?

உறையைப் பார்த்து விடை கூற முடியாது. சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதை 1876-இல் அரசு தடை செய்தது. பின்னர் படை அதிகாரிகள் மேனாட்டுப் பாணி வாளையே அணிந்தனர். 1934-இல்தான் பழைய சாமுராய் வடிவம் தரைப்படைக்குத் திரும்பியது. அதிகாரிகள் தம் வாளைத் தம் செலவிலேயே வாங்கினர். சிலர் கடையில் புது வாள் வாங்கினர். சிலரோ பாட்டனார் காலத்து அலகை எடுத்துப் புதிய இராணுவ உறைக்குள் செருகிக்கொண்டனர். சட்டை ஒன்று, ஆள் வேறு!

ஒரு வகையில் மட்டும் ஐயம் இல்லை. 1935-இல் கீழ்நிலை அதிகாரிகளுக்கென வந்த வாள் முழுக்க முழுக்க இயந்திர வேலை. அலகில் வரிசை எண் பொறித்திருக்கும். கைப்பிடியில் நாடா சுற்றியதுபோலத் தெரியும். தொட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் வண்ணம் பூசிய வார்ப்பு அலுமினியம்.

மற்றவற்றுக்கு நாம் இயற்பியலின் துணையை நாட வேண்டும். பழைய முறையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் உலையிலிட்டு மூன்று பகல் மூன்று இரவு எரித்து எஃகு எடுத்தனர். அதைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடித்தனர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிக்கும். 15 மடிப்பில் எத்தனை என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 32,768! நன்றாக மெருகிட்ட அலகில் இவ்வடுக்குகள் மரத்தின் இழையோட்டம்போல் தெரியும். ஆலை எஃகில் இந்த இழை காணப்படாது.

அடுத்தது தோய்ச்சல். கொல்லர் அலகின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாய்ப்புறத்தில் மெல்லியதாகவும் பூசுகிறார். பிறகு ஏறத்தாழ 800° செல்சியஸ் வரை காய்ச்சி நீரில் அமிழ்த்துகிறார். வெப்பமானி ஏது? பட்டறையை இருட்டாக்கி, இரும்பின் நிறத்தைக் கொண்டே மதிப்பிடுகிறார். வாய்ப்புறம் நொடியில் குளிர்கிறது. எஃகில் கரைந்திருந்த கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றிப் படிகத்துக்குள்ளேயே சிறைப்படுகின்றன. இதுவே மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான வடிவம். முதுகு மெல்லக் குளிர்வதால் அங்கே மென்மையான வடிவம் உண்டாகிறது. வாய் வெட்டும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. மார்ட்டென்சைட் உருவாகும்போது பருமன் சற்றே பெருகுகிறது. வாய்ப்புறம் நீளும்போது முதுகு நீளாது. ஆகவே அலகு முதுகுப் பக்கமாக வளைகிறது. ஜப்பானிய வாளின் அழகிய வளைவில் நீருக்கும் பங்கு உண்டு.

போர்க்காலத்துப் பட்டறைகளில் பலவும் நீரை விட்டு எண்ணெயில் தோய்த்தன. நீரின் தன்வெப்பம் எண்ணெயினுடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆவியாகும்போது அது கவரும் உள்ளுறை வெப்பமும் மிகுதி. எனவே நீர் வெப்பத்தை வேகமாகப் பறிக்கிறது. அந்த வேகத்தில் அலகு விரிசல் விட்டுப் பல நாள் உழைப்பு பாழாவதும் உண்டு. எண்ணெயில் இந்த ஆபத்து குறைவு. ஆயிரக்கணக்கில் வாள் வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். ஒற்றை விளக்கின் ஒளியில் அலகைச் சாய்த்துப் பிடித்தால் வாயை ஒட்டி வெண்மையான அலைக்கோடு ஒன்று தெரியும். கடினப் பகுதியும் மென்பகுதியும் ஒளியை வெவ்வேறு விதமாகச் சிதறடிப்பதே காரணம். நீரில் தோய்த்த பல வாள்களில் அக்கோட்டை ஒட்டி நுண்ணிய மணிகள் விண்மீன்கள்போல் தனித்தனியே மின்னும். எண்ணெயில் தோய்த்தவற்றில் பொதுவாக அந்த மணிகள் இரா. அமிலத்தால் வரைந்த போலிக் கோடுகளும் உண்டு. உருப்பெருக்கியின் கீழ் அவை மேற்பரப்பில் பூசிய சாயம்போல் உயிரற்றுக் கிடக்கும்.

முக்கியமான சாட்சி கைப்பிடிக்குள் மறைந்திருக்கிறது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று அலகின் காம்பு வெளிப்படும். கொல்லரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் இங்குதான் இருக்கும். போர்க்கால வாள்கள் பலவற்றில் பெயருடன் ‘செகி’ அல்லது ‘ஷோவா’ என்ற சிறு முத்திரையும் இருக்கும். அது பழைய முறையில் செய்யாத வாள் என்பதற்கு அடையாளம். ஆனால் பெயரைவிடத் துருவையே நான் நம்புவேன். பெயரை யாரும் வெட்டிவிடலாம். நூற்றாண்டுகளாகப் படிந்த கருமையான, வழவழப்பான துருவை ஒரே நாளில் உண்டாக்குவது எளிதன்று. போர்க்கால வாளின் காம்பில் உலோகத்தின் சாம்பல் நிறமே இன்னும் தெரியும்; ஆங்காங்கே செந்துரு பிடித்திருக்கும்.

இங்கேதான் பெரும் கேடு நிகழ்கிறது. வாளை மரபுரிமையாகப் பெற்றவர், பாவம், நல்லெண்ணத்தோடு உப்புத்தாளை எடுத்துக் காம்பைப் பளபளவெனத் தேய்த்துவிடுகிறார். துருவோடு வாளின் வயதும் போய்விடுகிறது. பெயரின் எழுத்துகளும் மழுங்குகின்றன. எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை மீட்க முடியாது. அலகைத் தேய்த்தாலோ அலைக்கோடே மறைந்துபோகும். தக்க பயிற்சி பெற்ற மெருகாளர் பலவகைக் கற்களைக் கொண்டு வாரக்கணக்கில் செய்யும் வேலை அது.

ஜப்பானுக்குள் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் இடமுண்டு. பழைய முறையில் அடித்த வாள் கலைப்பொருளாகப் பதிவு பெறும். எண்ணெயில் தோய்த்த ஆலை வாளுக்குப் பதிவு கிடையாது. அதை அங்கே எவரும் வீட்டில் வைத்திருக்க முடியாது.