சர்வர் என்றால் யார்?



வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். படிக்கிற பிள்ளை கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறது. "என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டால், "சர்வர் எழுதுகிறேன்பா" என்கிறது. சர்வர் என்றதும் நம்மில் பலருக்கு 1964-இல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறொன்றுமில்லை. கணினிச் சர்வரும் பரிமாறுகிற ஆள்தான்.

கைத்தொலைபேசியில் நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால், 'இது வேண்டும்' என்ற கேள்வி எங்கோ இருக்கும் ஒரு கணினிக்குப் போகிறது. அதற்கென்றே அங்கே காத்திருக்கும் ஒரு நிரல் அதை வாங்கிப் பார்த்துப் பதில் அனுப்புகிறது. அந்த நிரல்தான் இணையச் சர்வர். அதற்குப் பெரிய கட்டடம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பழகிப் பார்ப்பதற்கு வீட்டிலுள்ள பழைய கணினியே போதும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியை 1995-இல் பிரண்டன் ஐக் உருவாக்கினார். வெகுகாலம் அது பெரும்பாலும் பக்கத்தைப் பார்ப்பவரின் திரையில்தான் வேலை செய்தது. 2009-இல் ரையன் டால் என்பவர் நோட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து, அதே மொழியைச் சர்வர் வேலைக்கும் அமர்த்தினார். அவர் கையாண்ட முறையைச் சாப்பாட்டுக் கடையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு மேசைக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசை கேட்டால் அந்த ஆள் அடுப்படிக்குப் போய், தோசை வேகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நூறு மேசைக்கு நூறு ஆள் வேண்டும். நோட் கடையிலோ முன்னால் ஓடுவது ஒரே ஆள். கேட்டதை அடுப்படியில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். தோசை தயார் என்று குரல் வந்ததும் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அந்த ஆளே மாவாட்ட உட்கார்ந்துவிட்டால் கடை முழுவதும் பட்டினிதான். ஆகவே நீண்ட கணக்கு வேலைகளை இந்தச் சர்வரின் தலையில் கட்டக்கூடாது. புதிதாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நாமே எழுதுவது சலிப்பான வேலை. அதைக் குறைப்பதற்காக 2010-இல் வந்தது எக்ஸ்பிரஸ். கோலாலம்பூர் போகும் எக்ஸ்பிரஸ் பஸ் அல்ல! எந்த முகவரியைக் கேட்டால் எந்தப் பதில் என்று ஒழுங்குபடுத்தித் தரும் சிறிய சட்டகம் அது. நோட், எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் கட்டணம் ஒரு காசும் இல்லை. இறக்கிக்கொள்ள ஒருமுறை இணையம் வேண்டும். அதன்பின் லைன் கிடைக்காத இரவிலும் பிள்ளை வீட்டிலிருந்தே பழகலாம்.

நோட்டை நிறுவியபின், ஒரு கோப்புறைக்குள் 'என்பிஎம் இன்ஸ்டால் எக்ஸ்பிரஸ்' என்று கட்டளை கொடுத்தால் எக்ஸ்பிரஸ் வந்து சேரும். பிறகு 'ஆப்.கெட்' என்று எழுதி, 'ஸ்லாஷ் பஸ்' என்ற முகவரிக்குப் பள்ளி பஸ் வரும் நேரத்தைப் பதிலாகக் கொடுக்கலாம். கடைசியில் 'ஆப்.லிசன் 3000' என்று எழுதினால், 3000 என்ற எண்ணுள்ள வாசலில் சர்வர் காது கொடுத்துக் காத்திருக்கும். மொத்தம் ஆறேழு வரிதான். அதே கணினியில் 'லோக்கல்ஹோஸ்ட் 3000' என்ற முகவரியில் பஸ் பக்கத்தைத் திறந்தால் நேரம் திரையில் வரும்.

வாசலுக்கும் பதிலுக்கும் இடையில் காவலர்களையும் நிறுத்தலாம். ஒருவர் வந்தவரைக் குறித்துக்கொள்வார். இன்னொருவர் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பார். ஒவ்வொருவரும் தம் வேலை முடிந்ததும் 'நெக்ஸ்ட்' என்று சொல்லி அடுத்தவரிடம் அனுப்ப வேண்டும். பதிலும் கொடுக்காமல், 'நெக்ஸ்ட்' என்றும் சொல்லாமல் விட்டால் கேட்டவர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையும் முக்கியம். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று 404 சொல்லும் ஆளை எல்லாருக்கும் கடைசியில் நிறுத்த வேண்டும். முதலில் நிறுத்தினால் இருக்கிற பக்கத்தையும் இல்லை என்று சொல்லித் துரத்திவிடுவார்!

இன்னொன்று. வீட்டில் பழகிய சர்வரை அப்படியே ஊருக்குத் திறந்துவிடக்கூடாது. வெளியிலிருந்து வருகிற எதையும் சோதிக்காமல் நம்பக்கூடாது. கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதி வைக்கவும் கூடாது. இவற்றைக் கற்றுக்கொண்ட பிறகுதான் மற்றவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கலாம்.

பிள்ளை படுக்கப் போகும்போது கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சர்வர் கடையைச் சாத்திவிடும்.