பேரேட்டைத் திறந்து பாருங்கள்

மார்ச் முடிந்ததும் கடைக்காரர்கள் பலர் ஆடிட்டரிடம் கேட்பது, "லாபம் எவ்வளவு? வரி எவ்வளவு?" என்பதைத்தான். அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பேரேட்டை (லெட்ஜரை) அவர்கள் திறப்பதில்லை. இத்தனைக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருள் அவர்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பசியோலி விளக்கிய, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றாகவும் வரவாகவும் பதியும் இரட்டைப்பதிவு முறைதான் இன்றும் கணக்கின் அடிப்படை. காகிதக் காலத்தில் ஒவ்வொரு நடவடிக்கையையும் குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதி, பிறகு பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்கு எடுத்தெழுதினார்கள். அப்போது 5,400 என்பது 4,500 ஆகிவிட்டால், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். மென்பொருளில் எடுத்தெழுதும் வேலையே இல்லை. பதிவு ஒன்றுதான். டே புக் என்ற குறிப்பேட்டில் அது தேதிப்படி தெரியும், லெட்ஜரில் கணக்குப்படி தெரியும். 50,000 ரூபாய்க்குக் கடனில் சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் பற்று, சரக்கு தந்த பார்ட்டியின் கணக்கில் வரவு. பார்ட்டி லெட்ஜரில் அந்த வரியில் என்டர் தட்டினால் மூல வவுச்சரே திறக்கும்.

ஆபத்தும் இங்கேதான். பற்றும் வரவும் சமமாகாத பதிவை மென்பொருள் ஏற்காது என்பதால் இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) எப்போதும் ஒட்டிவிடும். கடைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜைச் சரக்குக் கொள்முதலில் போட்டாலும் ஒட்டும். ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றினாலும், முருகன் டிரேடர்ஸுக்குக் கொடுத்த பணத்தை முருகன் ஏஜென்சீஸ் பெயரில் எழுதினாலும் ஒட்டும். இவற்றை லெட்ஜரைப் படிக்கும் கண்தான் பிடிக்க வேண்டும். ரொக்கக் கணக்கு ஒரு நாளாவது மைனஸில் போயிருந்தால் நிச்சயம் ஏதோ தவறு. பெட்டியில் இல்லாத பணத்தை யாரும் கொடுக்க முடியாது. சரக்கு தருபவர் கணக்கு பற்று இருப்பு காட்டினால், முன்பணம் கொடுத்தோமா, அவர் பில்லை ஏற்ற மறந்தோமா என்று பார்க்க வேண்டும். மாத வாடகைக் கணக்கில் ஆண்டுக்குப் 13 வரி இருந்தால் கேள்வி கேளுங்கள். அனாமத்துக் கணக்கில் (சஸ்பென்ஸ்) எதுவும் தங்கவே கூடாது.

பழைய பதிவைச் சத்தமில்லாமல் மாற்றுவது இன்னொரு பிரச்சினை. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிந்துவைக்க வேண்டும். அந்த வசதியை அணைக்கவும் முடியக் கூடாது. தனி உரிமையாளர் கடைகளுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே காவல் முதலாளியின் கண்தான்.

கணக்கு எழுத ஆள் வைத்திருக்கலாம். ஆனாலும் வாரம் ஒரு முறை ரொக்க லெட்ஜரையும் பெரிய பார்ட்டிகளின் லெட்ஜரையும் நீங்களே திறந்து, வரிவரியாகப் படியுங்கள்.