தலை ஆடும் கோடாலியை ஓங்காதீர்கள்

தலை ஆடுகிற கோடாலியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் "இறுகிவிட்டது" என்று எடுத்து ஓங்குகிறவர்களைப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் இன்றும் பார்க்கிறேன். தைப்பூசப் பந்தலுக்குச் சமைக்கிறவர்கள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள், கோயில் அன்னதானக் கூடத்தில் விறகு பிளக்கிறவர்கள் எல்லாரிடமும் இதே பழக்கம். சிலர் காம்பில் ஆணி அடிக்கிறார்கள். சிலர் விரிசலைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள். மூன்றும் ஆபத்து. பக்கத்தில் நிற்பவன் மண்டையை நோக்கி இரும்பு பறந்தபிறகு வருந்திப் பயனில்லை.

நனைந்த மரம் உப்பும். இரும்புத் துளை இடம் கொடுக்காது. நெருக்கப்பட்ட நார்கள் உள்ளேயே நசுங்கிவிடும். காய்ந்ததும் காம்பு முன்னைவிட மெலிந்து, தலை முன்னைவிட அதிகமாக ஆடும். ஆணி, இருக்கிற விரிசலை நீட்டிக்கும். டேப், நீங்கள் பார்த்தாக வேண்டிய விரிசலை மறைக்கும்.

ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள். தலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேல்முனையில் ஆப்பு வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறதா? தலைக்குச் சற்றுக் கீழே, குறிதவறிக் கட்டையில் மோதி நார் பிய்ந்திருக்கிறதா? காம்பு நெடுக விரல் ஓட்டினால் பிளவு தட்டுப்படுகிறதா? ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கோடாலி வேண்டாம். ஃபைபர் காம்பில் விரிசல் கண்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

காம்பு மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழைய காம்பைத் தலையின் அடியில் ஒட்ட அறுத்து, துளைக்குள் மிஞ்சிய கட்டையைக் கீழிருந்து மேலாகத் தட்டி வெளியேற்றுங்கள். நெருப்பில் போட்டு எரிக்காதீர்கள்; வெட்டுவாயின் பதம் போய்விடும். புதுக் காம்புக்குக் கெம்பாஸ், கெராஞ்சி போன்ற கடின மரம், நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். பச்சை மரம் பின்னால் சுருங்கி மறுபடி ஆடும். மர நார் காம்பின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடினால் அந்த இடத்தில்தான் ஒடியும். மேல்முனையில் துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வெட்டு போடுங்கள். தலையை மாட்டி, கோடாலியைத் தலை கீழாகத் தொங்கப் பிடித்து, காம்பின் அடிமுனையை மரச் சுத்தியலால் தட்டினால் தலை தானாக ஏறி இறுகும். பிறகு கடின மர ஆப்பை வெட்டுக்குள் அடித்து இறக்குங்கள். ஆளி விதை எண்ணெய் தடவினால் ஈரம் ஏறுவது குறையும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

புதுக் கோடாலியே ஆடினால்? ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் பாரம் 1-ஐ நிரப்பி, 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் உடற்காயத்துக்கான இழப்பீட்டை அங்கே கேட்க முடியாது. அதற்கு சிவில் நீதிமன்றம்தான். பாரம் நிரப்பத் தடுமாறினால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டால் கணக்கு வேறு. 2024 ஜூன் 1 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வீட்டு வேலை, கப்பல், இராணுவம் போன்ற சில விலக்குகளைத் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். சமையற்கூடமும் அதில் அடங்கும். ஆடும் கோடாலியைத் தொழிலாளியிடம் கொடுக்க முதலாளிக்கு உரிமையில்லை. உடனடி ஆபத்தைச் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால் தொழிலாளி விலகி நிற்கலாம். அதிகாரிகளும் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடாமல், திருவிழாக் காலத்தில் சமையற்கூடங்களையும் எட்டிப் பார்க்கட்டும்.

விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவரிடம் "வேலையில் நடந்தது" என்று அப்போதே சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். மைகார்டு (அடையாள அட்டை) நகல், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), மருத்துவக் குறிப்பு, அந்த மாத வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். நான்கு நாளுக்குக் குறையாத எம்சி இருந்தால் சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். நான்கு நாளுக்கு மேல் வழக்கமான வேலைக்குப் போக முடியாமல் போனால், முதலாளி 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 பாரத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் எழுத வேண்டும். "உள்ளுக்குள்ளே முடிச்சுக்கலாம்" என்று சொல்லும் முதலாளியை நம்பிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்களைப் பதியவே இல்லை என்றாலும் நேரே சொக்சோ அலுவலகம் போய்ச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் இதில் சேர்ந்தவர்களே.

சொந்தமாகச் சமையல் தொழில் செய்கிறவர்கள் 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே பதிந்து சந்தா கட்டுங்கள். அடிபட்ட பிறகு கட்டி அந்த விபத்துக்குக் கேட்க முடியாது. கோயில் நிர்வாகங்களுக்கு ஒன்று: சம்பளம் வாங்காத தொண்டருக்குத் தொழிலாளிக்குரிய சொக்சோ பாதுகாப்பு இல்லை. அவர் கையில் கோடாலியைக் கொடுக்கும் முன் விபத்துக் காப்புறுதி எடுங்கள். எடுக்க முடியாதென்றால் பிளந்த விறகாகவே வாங்குங்கள்.

சொக்சோவுக்குத் தெரிவிக்க 48 மணி நேரம். அதை நிர்வாகக் குழு அறையின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இன்றைக்கே உங்கள் கொட்டகையில் இருக்கும் கோடாலியை எடுத்துத் தலையை அசைத்துப் பாருங்கள்; ஆடினால் காம்பை மாற்றாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.