கிணற்றடியிற் காண்பதும் காணாததும்

இயற்கை எரிவாயுக் கிணறு தோண்ட முற்படும் நிறுவனங்கள், மக்களின் அச்சத்தைப் போக்கக் கையாளும் வழிகளுள் ஒன்று, அவர்களை அழைத்துச் சென்று இடத்தைக் காட்டுதல். எதிர்ப்போரும் இவ்வழியையே மேற்கொள்கின்றனர். அவர்கள் காட்டுவன பழுதுற்ற குழாயும் எண்ணெய் படிந்த வயலும். நேரிற் கண்டவரின் உள்ளம் மாறுதல் இயல்பு. ஆயின், அவ்வாறு மாறிய கருத்து உண்மையைச் சார்ந்ததா என்பது தனியே ஆராயத் தக்கது.

அறிவு பெறும் வழிகளைத் தமிழ் முன்னோர் அளவை என்றனர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதை, அளவைகளைப் பத்தாக விரித்துரைக்கின்றது. காட்சியை முதலில் வைத்த அறிஞர்களே அதற்கு ஐயம், திரிவு என்னும் குற்றங்களும் உண்டென்றனர். கயிற்றைப் பாம்பெனக் காண்பது திரிவு. பாம்பைக் கயிறெனக் காண்பதும் திரிவே. எரிவாயுக் கிணற்றைக் காணச் செல்வோர்க்கு இவ்விரண்டும் நேரக்கூடும்.

அஃது எவ்வாறெனில், கிணறு தோண்டும் காலம் வேறு. வாயு எடுக்கும் காலம் வேறு. தோண்டுங்கால் உயர்ந்த இரும்புக் கோபுரமும், இரவு பகலாய் இரைச்சலும், லாரிகளின் போக்குவரத்தும், துளையிடும் சேறு தேங்கிய குழியும் காணப்படும். வேலை முடிந்தபின் கோபுரம் அகற்றப்படும். எஞ்சுவது வேலிக்குள் நிற்கும் சிறியதொரு வால்வுத் தொகுதியே. முன்னர் வந்தவர் அஞ்சித் திரும்புவார். பின்னர் வந்தவர், ‘இதற்காகவா இவ்வளவு கூச்சல்?’ என்பார். இருவரும் கண்டது ஒரே கிணற்றைத்தான்.

தலைமையான வினாவோ நிலத்தடியில் உள்ளது. ஆழத்திலிருந்து வாயுவைக் கொணரும் குழாய், குடிநீரும் பாசன நீரும் ஊறும் மேலடுக்குகளைக் கடந்தே வருகின்றது. இரும்புக் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டு செலுத்தி அடைப்பர். அவ்வடைப்பு உறுதியாயின் நீர் காக்கப்படும். விரிசலுற்றால் வாயு மேலேறக் கூடும். கண்ணுக்குப் புலனாகாத இதனை, அழுத்தச் சோதனையும், தோண்டுவதற்கு முன்னும் பின்னும் செய்யும் நீர்ச் சோதனையுமே உணர்த்த வல்லன.

காவிரிப் படுகையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம் முதலிய இடங்களில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணறுகள் பல ஆண்டுகளாக உள்ளன. வேலிக்கு அப்பால் நெல் விளைதலைக் காண்போர், ஒரு கிணற்றால் நாடே பாலையாகும் என்னும் பேச்சு மிகையென அறிவர். ஆனால், 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் தொடங்க இருந்த மீத்தேன் திட்டம் வேறு வகைப்பட்டது. நிலக்கரிப் படுகையில் அடங்கிய மீத்தேனை எடுக்க, முதலில் அப்படுகையின் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். பழைய கிணற்றைக் கண்டு இதனை மதிப்பிடல் இயலாது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர்தோறும் சென்று இதனை எடுத்துரைத்தார். அப்பணிக்கிடையே 2013 டிசம்பர் 30-இல் மறைந்தார். 2015-இல் தமிழக அரசு அத்திட்டத்தைத் தடை செய்தது. அங்கே மக்கள் கருத்தை உருவாக்கியவை உரையும் கருதலுமே. காண்பதற்கு இன்னும் ஒன்றும் தோண்டப்படவில்லை.

2017-இல் நிலைமை வேறாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் இந்திய நடுவண் அரசு இசைவளித்த இடங்களுள் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. அவ்வூர் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். ஜூன் 30-இல் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் பழுதுற்று, வயலில் எண்ணெய் பரவிற்று. பல சொற்பொழிவுகள் செய்யாததை அவ்வொரு காட்சி செய்தது. எனினும், அது மெய்ப்பித்தது குழாயின் பழுதையே. நிலத்தடி நீர் கெட்டதா என்பது நீரைச் சோதித்தே அறிய வேண்டியது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. புதிய கிணறுகளுக்கு அது தடை விதித்தது. முன்னரே நடைபெறுவனவற்றை நிறுத்தவில்லை.

மலேசியாவின் எரிவாயுக் கிணறுகள் பெரும்பாலும் கடலில் உள்ளன; மக்கள் எளிதிற் சென்று காண இயலாது. வாயு மட்டும் நிலத்தடிக் குழாய் வழியே வந்து, பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பிறைத் தொழிற்சாலைகளுக்கும் பயன்படுகின்றது. 2025 ஏப்ரல் 1-இல் சிலாங்கூர் புத்ரா ஹைட்சில் அத்தகைய குழாயொன்று வெடித்துத் தீப்பற்றிற்று. முதல் நாள் அவ்விடத்தைப் பார்த்தவர் கண்டிருக்கக் கூடியது வெறும் நிலமே.

காலமும் காட்சிக்கு அடங்காது. நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 1963-இல் வாயு எடுக்கத் தொடங்கினர். வாயு நீங்கிய பாறை அடுக்கு அமிழ்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் நில அதிர்ச்சிகள் தோன்றின. 2012 ஆகஸ்டு 16-இல் நேர்ந்தது 3.6 அளவினது. வீடுகள் பல விரிசலுற்றன. 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1963-இல் அக்கிணறுகளை எத்துணை நுணுகிப் பார்த்தவரும் இதனைக் கண்டிருக்க இயலாது.

ஆகவே, இடத்தைக் காணச் செல்வோர் சில வினாக்களுடன் செல்லுதல் நன்று. செல்லும் நாளையும் காணும் கிணற்றையும் தேர்ந்தவர் யார்? கைவிடப்பட்ட பழைய கிணற்றையும் காட்டுவரா? தோண்டுமுன் எடுத்த நீர்ச் சோதனைக் கணக்கு உண்டா? விளக்கம் கூறுபவர் யாரிடம் ஊதியம் பெறுபவர்? இவ்வினாக்களை நிறுவனத்தாரிடம் கேட்பது போலவே எதிர்ப்போரிடமும் கேட்க வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மாணவரைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லுமுன், ‘எதைக் காணப் போகிறோம்?’ என்று கேட்பது வழக்கம். ‘எதைக் காண முடியாது? அதனை எவ்வாறு அறிவது?’ என்றும் கேட்டுப் பழக்கினால், பிற்காலத்தில் ஊர்நலம் பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பு வரும்போது அம்மாணவர் பிறர் காட்டியதை மட்டும் கண்டு மயங்கார். கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி காட்சியைப் பழிப்பதன்று. கண்டபின்னரும் விசாரணை முடிவதில்லை என்பதே அதன் பொருள்.