கடல் கடந்த விதைப் பொதிகள்

ஆனி, ஆடி மாதங்களிலே கண்டிச் சந்தையில் மங்குஸ்தானும் றம்புட்டானும் டுரியானும் குவிந்து கிடக்கும். வாங்கிச் செல்வோர் பலர் இவற்றை இம்மண்ணின் பழைய கனிகளென்றே கருதுவர். உண்மையில் இம்மூன்றும் மலாய் நாடுகளின் பக்கத்திலிருந்து வந்தவை. சம்பலுக்கு இடிக்கும் கொச்சிக்காயும், அவித்து உண்ணும் மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றியவை. ஒரு நாட்டின் உணவு மற்றொரு நாட்டின் அடுக்களையை அடைந்த வழிகள் பல. அவற்றுள் ஒன்றை அறிய, கண்டியிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பேராதனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மகாவலி கங்கை வளைந்தோடும் அவ்விடத்தில் 1821ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மூன் என்பவர் பூங்காவை அமைத்தார். அது கண்ணுக்கு விருந்தளிக்கும் சோலை மட்டுமன்று; செடிகளின் பண்டமாற்றுச் சாலையுமாகும். இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ, இந்தியாவின் கல்கத்தா ஆகிய இடங்களின் பூங்காக்களோடு அது விதைகளையும் நாற்றுகளையும் கொடுத்து வாங்கியது. 1839ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வந்த அசாம் தேயிலை விதைகள் அவற்றுள் சேர்ந்தவை.

எல்லா விதைகளும் பொதிக்குள் அடங்குவதில்லை. நெல்லை உலர்த்தி உறையிலிட்டு அனுப்பலாம். கொக்கோ, மங்குஸ்தான் போன்றவற்றின் விதைகளோ உலர்ந்தால் உயிரிழந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் நதானியேல் வார்ட் என்ற ஆங்கில மருத்துவர் கண்ணாடிப் பெட்டியொன்றை வகுத்தார். மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணிலே விழும். அதனால் உப்புக்காற்றுத் தாக்காமல் நாற்றுகள் மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கின.

இக்கொடுக்கல் வாங்கலில் இடரும் உண்டு. 1869ஆம் ஆண்டு இலங்கையின் கோப்பித் தோட்டங்களிலே இலைகள் மஞ்சட் புள்ளி கண்டு உதிரலாயின. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற அறிஞர் அந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணம் என்று கண்டார். 1880இல் வந்த மார்ஷல் வார்ட், அதன் நுண்வித்துகளைக் காற்றே சுமந்து செல்கிறது என்று விளக்கினார். ஆயினும் தோட்டங்கள் தப்பவில்லை. நாட்டின் பெருஞ் செல்வமாயிருந்த கோப்பி, நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தது. அதன் இடத்தைப் பிடித்தது, 1867இல் லூல்கந்துரையில் தோட்டப் பயிராகத் தொடங்கிய தேயிலை.

ஆகவே இன்று எவரும் விதையைச் சட்டைப் பையிலிட்டு எல்லை கடத்தல் தகாது. அனுப்பும் நாடு பயிரைச் சோதித்து நலச் சான்றிதழ் வழங்க வேண்டும். பெறும் நாடு தொற்றுத் தடைக்காப்பில் வைத்து நோயில்லையென்று தெளிந்த பின்னரே வயலுக்கு விட வேண்டும். இது வீண் கெடுபிடியன்று. கோப்பி கற்பித்த பாடம்.

முறையாக நடைபெறும் பரிமாற்றத்தின் பயனுக்கு நெல்லே சான்று. குருநாகலுக்கு அருகிலுள்ள பத்தலகொடையில் 1950களிலே முருங்கக்காயன் என்ற உள்நாட்டு நெல்லோடு, இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லைக் கலந்து ‘எச் 4’ என்னும் இனத்தை உண்டாக்கினர். எரிபந்த நோயைத் தாங்கி மிகுந்த விளைவு தந்த அந்நெல் நாடெங்கும் பரவியது.

வாங்கியது போலவே இலங்கை கொடுத்ததும் உண்டு. 1970களில் தென்கிழக்காசிய வயல்களைக் கபில நிறத் தத்தி பாழாக்கியது. தமிழகத்து உழவர் அதனைப் புகையான் என்பர். அதனை எதிர்க்கும் மரபணுவை, 1960இல் பிலிப்பைன்சிலே நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ரத்து ஹீனட்டி என்ற இலங்கையின் சிவப்பு நெல்லிலே கண்டனர். விளைவு குறைவென்று உழவர் கைவிட்டு வந்த பழைய நெல்லொன்று பிற நாடுகளின் வயல்களைக் காக்கும் படைக்கலமாயிற்று.

இத்தகைய விதைகள் மறைந்து போகாதிருக்க, 1988ஆம் ஆண்டு பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொருவையில் பயிர் மரபணு வள நிலையம் நிறுவப்பட்டது. அங்கே விதைகள் உலர்த்தப்பட்டு, பெயரும் பிறந்த ஊரும் குறிக்கப்பட்டுக் குளிரறைகளில் உறங்குகின்றன.

பாட்டி பானையிற் கட்டி வைத்த ஒரு பிடி விதை நெல் பயனற்றதென்று எறியத் தக்கதன்று. அண்டை நாட்டின் பசிக்கு அது நாளை மருந்தாகலாம்; அங்கிருந்து வரும் மற்றொரு பொதி இந்நாட்டின் பசியை ஆற்றலாம்.