பரங்கிப்பேட்டையும் பித்தாபுரமும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த பரங்கிப்பேட்டை, உமறுப் புலவரின் சீறாப்புராணம் நிறைவெய்தத் துணைநின்ற வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரின் ஊர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடப் புகுந்த அப்புலவர், தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம் அமைத்து, அரபு மண்ணுக்கே திணை வளம் கற்பித்தார். தாம் வாழும் மண்ணின் செவ்விலக்கிய மரபை முஸ்லிம் புலவர்கள் முழு உரிமையோடு கையாண்ட இப்போக்கு தமிழோடு நின்றுவிடவில்லை. வங்கக் கடலின் இதே கரையில், வடக்கே கோதாவரிப் பகுதியிலுள்ள பித்தாபுரத்தில், விடுதலைப் போராட்டக் காலத்துத் தெலுங்கில் அதைத் தொடர்ந்தவர் உமர் அலீஷா.

1885-இல் பிறந்த இவர் தெலுங்கு, வடமொழி, அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றில் புலமை பெற்றவர்; அறிஞர்களுக்குரிய மௌல்வி, பண்டிதர் என்னும் இரு பட்டங்களும் இவர் பெயருக்கு முன் ஒருங்கே வழங்கின. சூஃபி நெறியும் வேதாந்தமும் கலந்த ஓர் ஆன்மிக பீடம் பித்தாபுரத்தில் இருந்தது. தந்தைக்குப் பின் அதன் ஆறாம் தலைவராக இவர் பொறுப்பேற்றார். இறைவனோடு ஒன்றும் அன்பை வழியாகக் கொண்ட இஸ்லாமிய மெய்ஞ்ஞான நெறியே சூஃபியம் எனப்படுவது.

இவருடைய படைப்புகளின் பரப்பு வியக்கத்தக்கது. 'பிரம்மவித்யா விலாசம்' எழுதிய கையே நபிகளின் வரலாற்றையும் எழுதியது. அத்திரி முனிவரின் மனைவியான அனசூயையை நாடகத் தலைவியாக்கியது. கண்டகாவியம் எனப்படும், தனிப்பொருள் பற்றிய சிறுகாவியங்களையும் யாத்தது. உமர் கய்யாமின் பாடல்களைக் கவிமணி, பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில ஆக்கத்தின் வழியே தமிழுக்குத் தந்தார். உமர் அலீஷாவோ பாரசீக மூலத்திலிருந்தே தெலுங்குப் பத்தியங்களாக, அதாவது யாப்புக்குட்பட்ட செய்யுள்களாக, ஆக்கினார். இத்தகைய மொழிபெயர்ப்புக்கு இரு செவ்விலக்கிய மரபுகளிலும் ஆழ்ந்த பயிற்சி வேண்டும் என்பதால், இதுவே அவருடைய புலமையின் உரைகல் எனலாம்.

தேசிய இயக்கத்தில் பேச்சாலும் எழுத்தாலும் பங்கேற்ற அவர், பெண்கல்விக்காகவும் வரதட்சணைக்கு எதிராகவும் குரல் கொடுத்தார். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தின் வட பகுதிக்குரிய முஸ்லிம் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆந்திரமும் தமிழகமும் அப்போது ஒரே சென்னை மாகாணமாக இருந்ததால், கடலூரையும் சிதம்பரத்தையும் உள்ளடக்கிய தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் பொதுத் தொகுதியிலிருந்து சென்ற சி. என். முத்துரங்க முதலியாரும் சென்னை நகரத்தின் சத்தியமூர்த்தியும் அதே அவையில் அமர்ந்தனர். முஸ்லிம் தொகுதி என்பது, 1909-ஆம் ஆண்டு மிண்டோ–மார்லி சீர்திருத்தம் கொண்டுவந்த தனி வாக்காளர் தொகுதி முறையில், முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாகும். வாக்காளரை மதத்தால் பிரித்த அம்முறையின் வழியே அவைக்குச் சென்றவர், தம் நூல்களில் அப்பிரிவினைக்குச் சிறிதும் இடம் தராதவராக இருந்தார் என்பதே அவருடைய பொதுவாழ்வில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி. சட்டம் வகுத்த எல்லையை இலக்கியம் ஏற்கவில்லை. அக்காலத்தில் அவ்வாறு எழுதுவதற்குப் புலமையோடு துணிவும் வேண்டியிருந்தது.

உலகப் போரின் காரணமாகப் புதிய தேர்தல் தள்ளிப்போக, அந்த அவையின் ஆயுள் 1945 வரை நீண்டது. அதன் உறுப்பினராக இருந்தபோதே, அவ்வாண்டு ஜனவரி 23-ஆம் நாள், விடுதலையைக் காணாமலே உமர் அலீஷா மறைந்தார்.

1929 முதல் சிதம்பரத்தில் இயங்கிவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சீறாப்புராணத்தைப் பயிலும் மாணவர்கள், பித்தாபுரத்துப் பண்டிதரையும் அதனுடன் வைத்துக் கற்க வேண்டும். இரு மொழிகளையும் அறிந்தோர் அவருடைய கண்டகாவியங்களிலிருந்து ஒரு தொகுதியையேனும் தமிழில் தர முன்வர வேண்டும்.